பாட வாக்கியங்களில் வம்சி

மடிக்கணினியைத் திறக்கும்போதே நவ்யா முடிவு செய்திருந்தாள். வணக்கம் சொன்னதும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பீளமேட்டில் விடிந்துகொண்டிருந்தது, கனடாவில் முந்தின நாள் மாலை. ஒஜிப்வே என்ற பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராயப் போனவளை, தங்கள் மொழியை மீட்கப் பாடம் எழுதித் தரச் சொல்லி அந்த ஊர்க்காரர்களே பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகிக் கோவைக்கு வந்த பிறகும் இணையத்தில் வகுப்பு தொடர்ந்தது. எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குக் கையருகே கிடைத்தவன் கணவன்தான். வம்சி தூங்குகிறான். வம்சி பம்புசெட்டைக் கழற்றுகிறான். வம்சிக்கு மீன் பிடிக்காது.

"ஏம்புள்ள, நாஞ் சட்டையில்லாமத் தூங்கறதையும் அங்க சொல்லிப்போட்டியா?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"அது அடுத்த பாடமுங்க."

போன மாதம் பட்டறைக்குக் கிளம்பியவன் அவிநாசி சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். வகுப்புக்கு அப்போது விடுமுறை. அங்கே யாருக்கும் தெரியாது.

"இன்னைக்கே பாடம் எடுக்கோணுமா அம்மணி?" என்றார் மாமியார் ராமாமணி.

"சும்மா இருக்க முடியலீங்கத்தை."

திரையில் முகங்கள் வந்தன. அவள் வாய் திறப்பதற்குள் ரேமண்ட் கையை உயர்த்தினார். அறுபதைத் தாண்டிய லாரி ஓட்டுநர். அவருடைய அம்மாவைச் சிறு வயதில் விடுதிப் பள்ளியில் அடித்து அடித்து இந்த மொழியை விடவைத்தார்கள். அவள் தன் பிள்ளைக்கு ஒரு சொல்லைக்கூடத் தரவில்லை. எப்போதும் தாளைப் பார்த்தே வாசிக்கிறவர், இன்று தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"வம்சி எங்கே?" என்று அந்த மொழியில் கேட்டார்.

பாடத்தில் அதற்கொரு பதில் இருந்தது. நவ்யாவின் வாயில் அதுதான் வந்தது. "வெளியே போயிருக்கிறான்."

ரேமண்ட் கண்களை மூடினார். உதடுகள் அசைந்தன. பிறகு ஒவ்வொரு சொல்லாக, "எப்போது வீட்டுக்கு வருவான்?" என்றார்.

அவள் அதைக் கற்றுக்கொடுத்ததே இல்லை. எங்கெங்கோ படித்த சொற்களை எடுத்து அவரே கோத்தது. அவர் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பால் பாத்திரத்தோடு ராமாமணி கதவருகே வந்து நின்றார்.

"எம்பையன் பேரு கேட்டாப்பல இருந்துச்சே. என்ன சொல்றாங்க கண்ணு?"

"எப்ப ஊட்டுக்கு வருவாருன்னு கேக்கறாங்கத்தை."

ராமாமணி பாத்திரத்தை வயிற்றோடு அணைத்தபடி வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். திரையில் ரேமண்ட், அவள் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் காத்திருந்தார்.