வாண்டா ஆடாத ஆட்டம்

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓடிப்போய் கோல் போடுகிறேன் என்று ஆயிரம் பேர் வருவார்கள். கல்லாக உறைந்த ரப்பர் வட்டு நெஞ்சைப் பார்த்து வரும்போது நகராமல் நில் என்றால் எவளும் வரமாட்டாள். கார்விக் ஊரில் பெண்கள் பொழுதுபோக்குக்கு ஒரு அணி ஆரம்பித்தபோதும் இதே கதைதான். நோரீன் ஹால்வர்சன் தன்னையும் சேர்த்துப் பதினான்கு பேரைத் திரட்டிவிட்டு, கடைசியில் தன் சிநேகிதி வாண்டா ப்ரிஸ்டூபாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வாண்டாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஸ்கேட்டைக் கட்டினால் நேராக நிற்கத் தெரியும், வளைந்து திரும்பத் தெரியாது. "உனக்கு எதுக்குடி திரும்பறது? நீ நிக்கப் போறவதான" என்றாள் நோரீன். வாண்டா சிரித்துத் தொலைத்தாள். அப்படி மாட்டிக்கொண்டவள் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் கடைசியில் ரிங்க் என்கிற ஆட்டக் கொட்டகையில் தண்ணீரை விட்டு உறைய வைத்தால் மார்ச் வரை சீசன். எட்டு ஊர், எட்டு அணி சேர்ந்த லீக். பக்கத்து ஊர் என்று பேருக்குத்தான் சொல்வது. நாற்பது கிலோமீட்டருக்குக் குறைந்து எதுவும் இல்லை, மார்ட்டெல் இருநூற்றுப் பத்து. வாண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் அணியின் பழைய வேனும் அவள் தலையிலேயே விழுந்தது. வெளியே மைனஸ் முப்பது. ஹீட்டர் முன் சீட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பின்னால் இருப்பவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவளைத் திட்டிக்கொண்டே வருவார்கள். தோற்றுவிட்டுத் திரும்பும்போது முதல் இருபது கிலோமீட்டர் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அப்புறம் ஒருத்தி நடுவரின் பின்பக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள், வேனே குலுங்கும். வழியில் ஏதாவது ஓட்டலில் நிறுத்தி எல்லாரும் பியர் குடிப்பார்கள், வாண்டா காப்பி குடிப்பாள். இத்தனை வருஷத்தில் கார்விக் இறுதிப் போட்டியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த சீசனில் என்ன வந்ததோ, ஜெயிக்க ஆரம்பித்தார்கள். நவம்பரில் நான்கு ஆட்டம், டிசம்பரில் மூன்று. ஊரில் ரொட்டிக்கடைக்குப் போனால்கூட ஹாக்கிப் பேச்சுதான். ஜனவரியில் வாண்டாவின் இடது முட்டி வீங்கியது. ஐஸ் வைத்தாள், பட்டை கட்டினாள், மாத்திரை போட்டுக்கொண்டு நின்றாள். மார்ட்டெலுக்குப் போன ஆட்டத்தில் ஆறு கோல் விட்டாள். அதில் இரண்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தடுத்திருக்கும். திரும்பி வரும்போது யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை, திட்டவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் மற்ற அணிகளும் சொதப்பியதில் கார்விக் அரையிறுதிக்கு வந்துவிட்டது. அரையிறுதி, வெள்ளிக்கிழமை, நோர்பி ஊரில்.

வெள்ளி மத்தியானம் நோரீன் போன் செய்தாள். நோர்பியில் பாதிப் பேருக்குக் காய்ச்சலாம், ஆள் சேரவில்லையாம், ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். "நேரா ஃபைனல்டி வாண்டா. அடுத்த சனிக்கிழம, அதுவும் நம்ம ரிங்க்ல. இன்னிக்கு வண்டிய எடுக்காத, காலை நீட்டிப் படு" என்றாள்.

வாண்டா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே கொஞ்சம் அழுதாள். நாற்பத்தேழு வயதில், இந்த முட்டியோடு, ஒரு இறுதிப் போட்டி. வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. சொந்த ஊரில் ஒரே ஒரு தடவை அந்த வலைக்கு முன்னால் நின்றுவிட்டால் போதும், அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். புருஷன் ஓரெஸ்ட்டிடம் அதையே சொன்னாள். அவன் பீட்ரூட் சூப்பைக் கிளறிக்கொண்டே 'ம்' கொட்டினான்.

திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் கண்காட்சிக்கு நோர்பிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனாள். அங்கே வாசலில் ஜெனெட் நின்றிருந்தாள். நோர்பி அணியின் தலைவி, அந்தப் பள்ளியில் டீச்சர். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வாண்டா பேருந்திலிருந்து இறங்கியதுமே ஜெனெட்டே பக்கத்தில் வந்து அவள் முட்டியைக் கையால் தட்டினாள்.

"ஏய் கிழவி, எங்க வாங்கின இந்த முட்டிய? எனக்கும் ஒரு ஜோடி சொல்லி வை."

வாண்டாவுக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கிழம முப்பத்தெட்டு ஷாட் அடிச்சோம்டி. ஒண்ணுகூட உள்ள போகல. நானே ஒம்பது அடிச்சேன். கடைசியில கை குலுக்கறப்பகூட முகமூடியக் கழட்டாம தலைய ஆட்டிட்டுப் போற. அவ்வளவு திமிரு."

வாண்டா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சிரித்து, தொண்டை கட்டியிருந்தது என்று ஏதோ சொல்லி, பேருந்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

லீக்கில் ஒரு விதி உண்டு. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பெயர் கொடுத்தவர்கள்தான் ஆடலாம், அதற்கப்புறம் புது ஆள் சேர்க்க முடியாது. ஆனால் கோல்கீப்பருக்கு மட்டும் தலை முழுக்க முகமூடி, உடம்பு முழுக்கப் பஞ்சு மூட்டை. உள்ளே இருப்பது பாட்டியா பேத்தியா என்று பெற்றவளுக்கே தெரியாது. பதினைந்து பேரில் சத்தமில்லாமல் மாற்றக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். மாற்றிவிட்டார்கள்.

கார்விக்குக்குத் திரும்பியதும் நேராக ரிங்குக்குப் போனாள். வேன் கொட்டகையில்தான் நின்றது, மேலே மூன்று நாள் பனி கலையாமல் கிடந்தது. தனித்தனிக் காரில் போயிருக்கிறார்கள். உலர்த்தும் அறையில் அவளுடைய சாமான்கள் வழக்கமான கொக்கியில் ஒழுங்காகத் தொங்கின. முகமூடியை எடுத்து மாட்டிப் பார்த்தாள். தலையில் இறங்கவில்லை. பின்பட்டைகளைச் சின்னத் தலைக்குத் தகுந்த மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே வெனிலா வாசனை. பத்தொன்பது வருஷம் அவள் வேர்வை ஊறிய சாமான் அது. எவளோ ஒருத்தி வாசனைத் தலையோடு புகுந்து எழுந்து போயிருக்கிறாள். வாண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை பயிற்சி. உடை மாற்றும் அறையில் எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து ஸ்கேட் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாண்டா உள்ளே போய், நோர்பிக்கு யார் யார் போனீர்கள் என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பதினான்கு தலையும் குனிந்தன. கட்டி முடித்த நாடாவையே அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். இவர்களில் ஆறு பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரைப் பிரசவ வலியில் பனிப்புயலுக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போயிருக்கிறாள். ஒருத்திக்காவது நிமிர்ந்து பார்க்கத் துப்பில்லை.

நோரீன்தான் எழுந்து அவளை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அழுவாள், காலைக் கையைப் பிடிப்பாள் என்று வாண்டா எதிர்பார்த்தாள். நோரீன் வேலை முடிந்த மாதிரி பேசினாள். நோர்பியில் நின்றது சாஸ்கடூன் நகரத்தில் படிக்கும் பெண்ணாம், பெயர் பிரின், வயது இருபத்தொன்று, கல்லூரி அணியில் நின்றவளாம். நோரீனின் அக்கா மகளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவளாம்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேன்" என்றாள் வாண்டா.

"விலகினா பட்டியல்லேர்ந்து உன் பேரு போயிடும். பேரு வேணும்டி எங்களுக்கு."

"பேரு மட்டும்."

நோரீன் சுவரைப் பார்த்தாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. அதான் சொல்லல. எனக்கும் அம்பது ஆகப்போகுது வாண்டா. ஒரு தடவ ஜெயிச்சுட்டுப் போகணும்னு எனக்கு இருக்கக்கூடாதா?"

"எனக்கு?"

நோரீன் அடுத்த விஷயத்துக்குத் தாவினாள். "சனிக்கிழம நீ ரிங்குக்கு வராத. வலையில ஒரு வாண்டா, வேடிக்க பாக்க ஒரு வாண்டான்னா நாறிடும். வீட்ல இரு. ஜெயிச்சதும் கோப்பைய எடுத்துட்டு நேரா உங்கிட்டதான் வருவேன்."

கேட்ட மாத்திரத்தில் வாண்டா கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. கூடவே இருந்து குழி பறித்தவளை அடித்து என்ன ஆகப்போகிறது. வேறு எவளாவது இதைச் செய்திருந்தால் முதலில் நோரீனிடம்தான் போய்ச் சொல்லி அழுதிருப்பாள். இப்போது போக இடமில்லை.

வீட்டுக்கு வந்து ஓரெஸ்ட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். முட்டிக்கும் ஓய்வு வேண்டும்தானே என்றான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் லீக் செயலாளரின் எண் ஒட்டியிருந்தது. ஒரு போன் போட்டால் போதும், கார்விக் பெயரையே அடித்துவிடுவார்கள். வியாழக்கிழமை இரண்டு தடவை போனை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்தாள். பதினான்கு பேரையும் ஒரே போனில் ஒழித்துக்கட்டவும் மனசு வரவில்லை, சும்மா விடவும் வரவில்லை. கடைசியில் ஒன்று முடிவு செய்தாள். போவாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்பாள். வேறு எதுவும் செய்யமாட்டாள். பெயருக்கு உரியவள் இங்கே இருக்கிறாள் என்று யார் பார்க்கிறார்களோ பார்க்கட்டும். அதற்கப்புறம் நடுவர் பாடு.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினாள். ஓரெஸ்ட் தானும் வருவதாகச் சொல்லி ஓடிவந்து காரில் ஏறினான். ரிங்கில் கால் வைக்க இடமில்லை, நானூறு பேர் இருப்பார்கள். எதிர்ப்பக்கம், இறுதிப் போட்டிக்கு வந்த எதிரணியான மார்ட்டெலின் ஊர்க்காரர்கள் இரண்டு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். வாண்டா வேண்டுமென்றே வலைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். யாராவது பார்த்து, நீ எப்படி இங்கே, அங்கே நிற்பது யார் என்று கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அப்படிக் கேட்கிற முதல் ஆளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள்.

யாரும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடை ஹில்டா குனிந்து, தன் கழுத்துத் துண்டைக் கழற்றி அவள் முகத்தைச் சுற்றி அன்பாகப் போர்த்திவிட்டாள்.

"தொப்பிய நல்லா இழுத்து விட்டுக்கோம்மா. மார்ட்டெல்காரங்க எதுத்தாப்பலதான் இருக்காங்க."

வாண்டா திரும்பிப் பார்த்தாள். தபால்காரர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். பள்ளி முதல்வர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் அவள் பேருந்தில் தினமும் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், ஏதோ நல்ல காரியத்தில் எல்லாரும் கூட்டு என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊருக்கே தெரியும். ஒரு வாரமாகத் தெரியும். அவள் காதில் மட்டும்தான் பூச்சுற்றியிருக்கிறார்கள்.

ரிங்கைப் பராமரிக்கும் கஸ் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தான். கார்விக், வலையில், எண் ஒன்று, வாண்டா ப்ரிஸ்டூபா.

அவள் எழுந்து நின்றாள். ரெஜைனா நகரத்திலிருந்து வந்த நடுவர் நடுவில் வட்டோடு நின்றுகொண்டிருந்தார், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓரெஸ்ட் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு வாண்டா. பாத்துடப்போறாரு."

"பாக்கட்டும்னுதான் நிக்கிறேன்."

"நோரீன் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சா." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கோட்டின் பொத்தானைப் பார்த்துச் சொன்னான். "நோர்பிக்கு முன்னாடியே வந்து கேட்டா. உன் முட்டிய நெனச்சு நான்தான் சரின்னேன். ஊரு ஒரு தடவ ஜெயிச்சுட்டுப் போகட்டுமே. உக்காரு."

அவள் அழுததை, ஒரே ஒரு தடவை போதும் என்று சொன்னதை, சூப்பைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தவன் இவன். இருபத்துமூன்று வருஷம் கூடப் படுத்தவனை யாரோ தெருவில் போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நடுவர் திரும்புவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

வட்டு விழுந்தது. மூன்றாவது நிமிஷத்திலேயே மார்ட்டெலின் பெரியவள் ஒருத்தி தனியாகப் புகுந்து வலது மூலைக்கு அடித்தாள். வலையில் நின்ற பெண் குறுக்கே பாய்ந்து, காற்றிலேயே கையுறைக்குள் அதை வாங்கினாள். வாண்டாவால் எந்த வயதிலும் முடிந்திருக்காத பிடி அது. அதை அவள் மனசுக்குள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கார்விக்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வாண்டா, வாண்டா என்று தகரக் கூரை அதிரக் கத்தினார்கள். ஹில்டா கத்தினாள், கஸ் ஒலிபெருக்கியை அணைக்காமலே கத்தினான். இத்தனை வருஷத்தில் ஊர் ஒன்றாகச் சேர்ந்து அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்களில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் ஓரெஸ்ட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.