மீதி அடிகள்

வலது ஷூ ஏறிவிட்டது. இடதுதான் நுழைவேனா என்று அடம்பிடித்தது. கணவனின் விறைத்த குதிகாலைப் பிடித்துத் தள்ளும்போது ஷூவின் அடிப்பாகம் அவள் கண்ணில் பட்டது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வழவழவென்று தேய்ந்து கிடந்தது.

"இவனா நடந்து தேய்ச்சான்?" என்றாள் நாத்தனார், மூக்கைச் சிந்திக்கொண்டே. "முதல் மாடிக்கே லிஃப்ட் வரட்டும்னு நிப்பானே! லிஃப்ட் மெக்கானிக்குன்னா சும்மாவா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் கைப்பேசி சிணுங்கியது. மகளின் நடைக்கணக்கு. 'இன்று மூவாயிரம் அடிகள். சபாஷ்!'

மகளா? நேற்றுக் காலை, துணைக்குப் போன அப்பா மைதானத்தில் சுருண்டு விழுந்ததிலிருந்து அந்தப் பெண் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை.

பதினாறு வயதில் மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரையோடு தினமும் வேர்க்க விறுவிறுக்க ஓடட்டும் என்றார். அடிகளை எண்ண மணிக்கட்டில் கட்டும் பட்டையும் வாங்கினார்கள்; கணக்கு தாயின் கைப்பேசிக்கு வந்துவிடும். எண் ஏற ஏறத் தாய்க்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று டாக்டரிடமே பெருமையடித்தாள்.

சட்டைக் கைக்குப் பொத்தான் போடக் கணவனின் கையைத் தூக்கினாள். மகளின் பட்டை அங்கே இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்ற மறந்திருக்கிறார்கள். கை மரக்கட்டையாகக் கிடந்தது. எண் மட்டும் ஏறியது. மூவாயிரத்துப் பத்து. பதினொன்று.

பட்டையைத் தட்டிப் பார்த்தாள். எண் நிற்கவில்லை.

கதவருகே மகள் நின்றிருந்தாள். "நான் ஒருநாள்கூட ஓடலம்மா. பெஞ்சுல உக்காந்துடுவேன். நீ நொந்துபோவேன்னு அப்பா அதைக் கட்டிக்கிட்டு ஓடுவாரு. நாந்தாம்மா அவரைக் கொன்னுட்டேன்."

கன்னத்தில் ஒன்று விடத்தான் கை துடித்தது. இவளும் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கிறுக்கி மாதிரி பேசாதடி. எத்தனை அடி, எத்தனை அடின்னு தெனம் உசுர வாங்கினது நான்."

"இன்னும் ஓடுறாரும்மா. நிறுத்தச் சொல்லு."

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டாரு? நீ சொல்லு."

மகள் குனிந்து அவர் காதோரம் வாயை வைத்தாள். "போதும்ப்பா. மீதிய நான் நடக்கிறேன்."

எண் நின்றது.

மகள் படியிறங்கிப் போனாள்.

"அப்பனைக் கெடத்தி வச்சுட்டு இவ எங்கடி கெளம்பிட்டா?" என்று பதறினாள் நாத்தனார்.

"போகட்டும் அண்ணி."

தாய் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் வேறு ஆளில்லை. மகள் சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஒருவருக்கு இடம்விட்டு நடந்துகொண்டிருந்தாள்.