வண்டி நிறுத்த இடம்

...இடது பக்கமா வலது பக்கமா என்று அத்தை கேட்டுவிட்டார், எதையாவது சொல்லியாக வேண்டும், இடது என்றான், தெரிந்தவன் போல நடக்கவும் தொடங்கினான், இந்தத் தெருவுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை என்பது மாமியாருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. திரும்பிய பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஆவி, இடம் கிடைக்காதவர்கள் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு இப்போதுதான் வந்திருக்கிறார், வந்ததும் கேட்டது இது ஒன்றைத்தான், ரெண்டு பேரும் வாராவாரம் போவீங்களே, அந்தத் தெருவை எனக்குக் காட்டுங்க மாப்ள. ரெண்டு பேரும்... சாவு வீட்டிலேயே அது காதில் விழுந்தது, அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், வாரம் தவறாமல் வெளியே கூட்டிப்போவாராம், இனிப்பில் கடைசி ஸ்பூனை இவளுக்கென்று விட்டுவிடுவாராம், அவள் போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம். சுவரில் சாய்ந்து நின்றவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, வேறு யாருடைய புருஷனைப் பற்றியோ பேசுகிறார்கள் என்றுதான் இருந்தது.

பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய் குழாயாகப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குப் படுத்தால் போதும் என்றிருக்கும், வர்றியா என்பாள், எனக்கு இனிப்பு ஆகாது, நீ போய்ட்டு வா, அடுத்த வாரம் பார்க்கலாம். அவள் கோபித்துக்கொண்டதாகக்கூட ஞாபகம் இல்லை, செருப்பு மாட்டும் சத்தம், கதவுச் சத்தம், அவ்வளவுதான். திரும்பி வந்தவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பானா... அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாள், அம்மா மனசு கஷ்டப்படும் என்றா, இவனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றா, இல்லை, சொல்லிக்கொண்டே இருந்தால் அப்படியொருவன் வந்துவிடுவான் என்றா? மகள் சந்தோஷமாக இருந்தாள் என்பது ஒன்றுதான் அத்தையிடம் மிச்சம், அதையும் இவன் வாயைத் திறந்து பிடுங்கிவிடக் கூடாது, எப்படியாவது ஒரு கடையில் உட்கார்ந்து எழுந்து போய்விட்டால் போதும்.

அத்தை விடுகிறவராக இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி வேறு, ஒரு வண்டி வாங்கக் கூடாதா மாப்ள, சைக்கிளாவது, என்று அலுத்துக்கொண்டே முன்னால் போனார், கேக் கடைக் கண்ணாடியைப் பார்த்து, இதையெல்லாம் திங்கிறதா, சோகேஸில் வைக்கிறதா என்றார், பச்சைக் கதவுக் கடை வந்ததும் நின்றார், உள்ளே மீன் தொட்டி இருந்தது, அப்போ இதுக்கு அடுத்த கடைதான் என்றார். பச்சைக் கதவு இவனுக்குத் தெரியாது, மீன் தொட்டி தெரியாது, வழிகாட்ட வந்தவன் அவர் முந்தானையின் பின்னால் போய்க்கொண்டிருந்தான், அதில் ஏதோ இடறியது, நின்று யோசிக்க நேரமில்லை, அடுத்த கடைக்குள் நுழைந்தாகிவிட்டது.

சின்னக் கடை, பால் காய்ச்சிய மணம், கருகிய சர்க்கரையின் மணம். ஏப்ரன் கட்டிய கடைக்காரம்மா துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அத்தையைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். அதே மூக்கு, அதே நெற்றி, கேட்க வேண்டியதே இல்லை, அந்தப் பொண்ணோட அம்மாதானே நீங்க என்றார், மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார், அதுதான் அவங்க இடம், ஒரு கஸ்டர்ட், ரெண்டு ஸ்பூன், எப்பவும் அதான், எங்கே ஆளையே காணோம்? தனியாத்தான் வருவாங்க என்று இதோ சொல்லப்போகிறார், அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அவ வரலை. நாங்க வந்திருக்கோம்,” என்றார் அத்தை.

கடைக்காரம்மா இவன் பக்கம் திரும்பினார், ஏற இறங்கப் பார்த்தார், சிரித்தார்.

“நீங்கதானா சார் அது? வண்டியை நிறுத்த இடம் தேடிட்டு இருக்கார், இதோ வந்துடுவார்னு சொல்லுவாங்க. கஸ்டர்டே தண்ணியாப் போயிடும். இன்னைக்காவது இடம் கிடைச்சுதா?”

வண்டி... எந்த வண்டி? பஸ் டிக்கெட் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது, அத்தையின் கையிலும் ஒன்று கசங்கிக் கிடக்கும். எல்லாம் முடிந்தது, தலை நிமிரவில்லை, மேஜை மேல் ஈரத்துணி விட்டுப்போன கோடு மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிடைச்சுடுச்சும்மா,” என்றார் அத்தை. “ஒண்ணு குடு. ரெண்டு ஸ்பூன்.”

அத்தை சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து, எதிர் நாற்காலியை அவனுக்கு விட்டார், அவள் உட்கார்ந்த நாற்காலியாக இருக்கும், அங்கிருந்து வாசல் நேராகத் தெரிந்தது. கஸ்டர்ட் வந்தது, நடுங்கிக்கொண்டு, மேலே பழுப்புச் சாறு வழிய. சாப்பிடுங்க மாப்ள என்றார், குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருக்கும், ஒரு வாய் எடுத்தான், இனித்தது, ஆகாமல் ஒன்றும் இல்லை. அத்தைக்கு இப்போதுதான் தெரிந்ததா, முன்பே தெரியுமா, பச்சைக் கதவு வரைக்கும் தெரிந்துவைத்திருந்தவர் காட்டச் சொல்லிக் கேட்டாரா, இவனுக்குக் காட்டத்தான் கூட்டிவந்தாரா... கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் அளவுதான் மிச்சம், இருவரும் அதைத் தொடவில்லை. வாசல் கதவு திறந்தது, யாரோ உள்ளே வந்தார்கள், யாரென்று பார்த்தான், இன்னொரு தடவை திறந்தது, அப்போதும் பார்த்தான், இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.