உழக்குக்குள் கட்டைவிரல்

உழக்கின் விளிம்புவரை தண்ணீர் நிற்கிறது, உள்ளே என் கட்டைவிரல் முங்கியிருக்கிறது, எடுத்தால் மட்டம் இறங்கிவிடும், வீங்கிய காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டியபடி என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஏ புள்ள, யாருகிட்ட, வெரலை எடு என்கிறார், காதில் விழாதவளாக நானே வாயருகில் பிடித்துப் புகட்டுகிறேன், கிட்னி ரெண்டும் சுருங்கிப்போச்சும்மா, காபி, ரசம் எல்லாம் சேத்து ஒருநாளைக்கு ஒரு லிட்டர்தான், தாண்டுனா நெஞ்சுல நீர் கோத்துக்கும் என்று சின்ன டாக்டர் சொன்னபோது, லிட்டர்னா எங்க உழக்குக்கு எத்தனைங்க ஐயா என்று நான் கேட்டேன், டாக்டர் முழித்தார், கட்டிலில் கிடந்த இவர்தான் சொன்னார், மூணு, எட்டு மில்லி கூட வரும்.

சொல்லிவிட்டுச் சிரித்தார், அதே சிரிப்பு, சாத்தூர் எண்ணெய்க்கடையில் பெரிய பித்தளை அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, லிட்டர் வந்த புதிது, சனங்களுக்கு உழக்கில்தான் நம்பிக்கை, இவர் உழக்கை முக்கி எடுக்கும்போது கட்டைவிரலும் உள்ளே போகும், அண்ணாச்சி, அந்த வெரலையும் பிழிஞ்சு விடுங்க, அதுக்கும் சேத்துத்தான காசு வாங்குறீக என்று எண்ணெய் வாங்க வரும் குருவம்மாள் கத்துவாள், கடையே சிரிக்கும், மூணு உழக்கு ஊத்துனா லிட்டருக்கு எட்டு மில்லி எனக்கு நட்டம் தாயி, அதுக்குத்தான் இந்த வெரலு என்பார் இவர், நானும் சிரிக்கிறேன், நல்லெண்ணெய் வாசம் இப்போதும் மூக்கில் ஏறுகிறது, இல்லை, இது மருந்து வாசம், ஈரத்துண்டின் முனையைச் சப்பிக்கொண்டு, குருவம்மா சாபம்டி, ஒரு மடக்கு கூட ஊத்து என்கிறார், டாக்டர் சொன்னதுலயும் கொஞ்சம் கொறச்சா நாலு நாள் கூட இருப்பீகன்னுதான் என்று சொல்ல வாயெடுக்கிறேன், விரல் உழக்குக்குள் போகிறது.

விடிந்ததும் டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், இனி அளக்க வேண்டாம்மா, கேட்டதைக் குடுங்க என்றார், இவர் எதையும் கேட்கவில்லை, அடுப்படிக்கு ஓடுகிறேன், மொண்டு வருகிறேன், இந்தாங்க, பாருங்க, வெரல் இல்ல, எட்டு மில்லியும் சேத்து முழுசும் உங்களுக்குத்தான், ஊற்றுகிறேன், கடைவாயில் வழிந்து தலையணை நனைகிறது, மறுபடி மொண்டு வருகிறேன், குருவம்மா பாத்தா நம்பமாட்டா என்கிறேன், இவரிடமிருந்து சிரிப்பு வரவில்லை, உழக்கின் விளிம்புவரை தண்ணீர் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.