காசிமினின் ஒற்றைக் கண்

ஆஸ்பத்திரிக்காரர்களைக் காசிமின் நம்பியதே கிடையாது. வலது கண் சின்ன வயதிலேயே மூங்கில் சிம்பு குத்திப் போயிற்று. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை. போன மாதப் புறாப் பந்தயத்தில், தூரத்தில் வருவது தன் ஆண் புறா என்று நினைத்து, அதைக் கீழே இறங்கவைக்கக் கையிலிருந்த பெட்டையைத் தூக்கிப் படபடக்க வைத்தார். வந்து இறங்கியது எவனுடையதோ. பந்தய வயலே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மானக்கேடுதான் அவரை க்ளாத்தேன் ஊர்க் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தது.

வந்த இடத்திலோ ஒரே கேள்வி. சீட்டு கொடுப்பவள் பெயரைக் கேட்டாள். சொட்டு மருந்து விடுபவன் கேட்டான். கண்ணை அளந்தவனும் கேட்டான். இப்போது நாலாவதாக நர்ஸ் ரெத்னோ வந்து நின்று, ஐயா என்கிற மரியாதையில் ‘பாக்’ போட்டுக் கேட்டாள்.

“உங்க பேரு என்ன, பாக்? எந்தக் கண்ணு?”

“கையில பட்டை கட்டி எழுதியிருக்கீங்களே, படிக்கத் தெரியாதா?”

“அதைக் கட்டுனதும் மனுஷன்தானே. மாத்திக் கட்டியிருந்தா? நீங்க வாயால சொல்லணும்.”

“காசிமின். இடது. இன்னொண்ணு செத்து அம்பது வருஷமாச்சு, அதை அறுத்து என்ன பண்ணுவ?”

பக்கத்து நாற்காலியில் வாகிரான் என்ற கிழவர். காது மந்தம். வலது கண்ணில் புரை, இடது கண் பளிச்சென்று இருந்தது. பரம மரியாதைக்காரர். படித்தவர்கள் எது கேட்டாலும் ‘சரிங்க’ என்பார். புரியவில்லை என்று சொல்வது அவர் ஊரில் எதிராளியை அவமதிப்பது மாதிரி. “சாப்பிடாமத்தானே வந்தீங்க?” என்றதற்கும் சரிங்க, “சாப்பிட்டுட்டீங்களா?” என்றதற்கும் சரிங்க. ரெத்னோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அறுவை அறை வாசலிலிருந்து குரல் வந்தது. “பாக் காசிமின்!”

காசிமின் வாயைத் திறக்கவில்லை. நாலு தடவை சொல்லியாகிவிட்டது. யாரென்று தெரிகிறதா, பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாக் காசிமின்!”

கூப்பிடுகிறவளுக்குப் பதில் சொல்லாமல் ஒருத்தன் இருப்பதா? வாகிரானுக்குத் தாங்கவில்லை. “சரிங்க” என்று எழுந்தார். சாரோங் கைலியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து வணங்கியபடியே வாசலுக்கு நடந்தார்.

காசிமின் துள்ளி எழுந்தார். “ஏய்! என் கண்ணை அந்தாளு எடுத்துட்டுப் போறான்!”

சாரோங் தடுக்க, ஒரு செருப்பு பறக்க, ஓடினார். அதற்குள் வாசலில் ரெத்னோ வாகிரானை நிறுத்தியிருந்தாள்.

“உங்க பேரு என்ன, பாக்?”

“சரிங்க.”

“எந்தக் கண்ணு?”

“சரிங்க, சரிங்க.”

வரிசையில் இருந்த கிழங்கள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன. ரெத்னோ வாகிரானின் கைப்பட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

“பாக் காசிமின், உங்க கண்ணுக்கு அளந்து வெச்ச லென்ஸ் உள்ள இருக்கு. இவரோட நல்ல கண்ணுல அது போயிருக்கும். கூப்பிட்டப்போ ஏன் பேசல?”

காசிமின் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

“இனிமே நூறு தடவை வேணும்னாலும் கேளு, சிஸ்டர்” என்றார். வாகிரானின் காதருகே கத்தினார். “நீயும் பேரைச் சொல்லித் தொலையேன்யா!”

“வாகிரான்! வலது!” என்றார் அவர் திடுக்கிட்டு. வராந்தாவே கைதட்டியது.

மேசையில் படுத்ததும் முகமூடி போட்ட டாக்டரம்மா குனிந்தாள். காசிமின் கையை உயர்த்தினார்.

“நில்லும்மா. உன் பேரு என்ன? எந்தக் கண்ணு?”

“ஹப்சாரி. இடது கண், பாக்.”

“யாரோடது?”

“காசிமினோடது!”

“அப்ப சரி, ஆரம்பி.” டாக்டரம்மாவின் சிரிப்பு அடங்கிக் கை நிலைக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்று வாரம் கழித்துப் பந்தய வயல். தூரத்தில் ஒரு புள்ளி. காசிமின் பெட்டையைத் தூக்கவில்லை. பக்கத்தில் எல்லோரும் பதறினார்கள். புள்ளி இறக்கையாகி, இறக்கையில் வெள்ளைக் கோடும் தெரிந்தது.

“என்னோடதுதான்டா!” என்று கத்திப் பெட்டையை உயர்த்தினார். ஆண் புறா நேராக வந்து அவர் கைமேலேயே விழுந்தது.

“உன் பேரு என்னடா?” என்று அதையும் கேட்டுவைத்தார்.