தூங்கின பிள்ளையை எழுப்பியவள்

பிறந்து பத்து வாரம்தான் ஆகிறது; அதற்குள் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அதனால் துரை என்று பெயர் விழுந்துவிட்டது. துரை இரவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கமாட்டார். பகலில் அதுவும் கிடையாது. முதுகு மெத்தையில் பட்டால் போதும், கண்ணைத் திறந்து ஊரைக் கூட்டிவிடுவார். அவன் அம்மா சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கிப் பத்து வாரம் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தவள், ஒரு மாடி கூடுதலாக ஏறி, மேல்வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகினாள். திறக்காத பூட்டைத் திட்டினாள். உள்ளேயிருந்து கதவைத் திறந்த மனிதரையும் சேர்த்துத் திட்டினாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அண்ணியைத்தான்.

அண்ணி, கணவனின் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடிவதற்குள் வண்டியை எடுத்து, மதியம் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு நேராக இங்கே வருவாள். கையைக் கழுவி, சீருடைச் சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு, துரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காலை அகட்டி நின்று லேசாக ஆடுவாள். பாட்டு கிடையாது, கொஞ்சல் கிடையாது. நாலே நிமிடம். துரை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவார். கீழே கிடத்தினாலும் அசையமாட்டார்.

"அக்காவுக்குக் கைராசி" என்பான் கணவன். வீடு வீடாக வயர் இழுக்கிற வேலை அவனுக்கு. ராத்திரி பிள்ளை வீறிட்டால் குப்புறப் புரண்டு படுக்கிற ஆள், ராசியைப் பற்றிப் பேச வந்துவிட்டான். பத்து மாதம் சுமந்தவளுக்கு இல்லாத ராசி, ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு எங்கிருந்து வந்ததாம்? அவளுக்கு வயிறு எரிந்தது. கால்கடுக்க நின்று உதவி செய்கிறவள் மேல் பொறாமைப்படுவது அற்பத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற வேலை. மயிரிழை பிசகினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்ணி ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த நல்ல மனசும் சேர்ந்து குத்தியது. திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு தடவையாவது தன் கையால் அவனைத் தூங்க வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு அம்மா யார் என்பதே மாறிவிடும் என்று அவள் பயந்தாள். பால் குடித்தபடியே கண் சொருகுவதை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. அது பால் தூங்க வைத்தது, அவள் அல்ல.

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல அண்ணி வந்தாள்.

"பால் குடுத்துட்டே இல்ல? போய்ப் படும்மா. கண்ணெல்லாம் எப்படி உள்ள போயிருக்கு பாரு."

படுத்தாள். திரை இழுத்த அறை, சுத்தமான தலையணை, கூப்பிடுவாரில்லாத நேரம். பத்து வாரமாக எதற்கு ஏங்கினாளோ அது கைக்கு வந்தபோது தூக்கம் வரவில்லை. கூடத்திலிருந்து சத்தமே இல்லை. ஒரு சிணுங்கல் கேட்டிருந்தால்கூட அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

எழுந்து வந்து பார்த்தாள். அண்ணி கதவு திறந்திருந்த சமையலறையில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்து மெத்தையில் துரை ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, எந்த அம்மாவும் செய்யாத காரியத்தைச் செய்தாள். அவன் உள்ளங்காலில் நகத்தால் மெல்லக் கீறினாள். விரல்கள் சுருங்கின. இன்னொரு தடவை கீறினாள்.

துரை கண்ணைத் திறந்து, ஒரு நொடி யோசித்து, அலற ஆரம்பித்தார்.

அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "இப்பத்தானே தூங்கினான்? என்ன ஆச்சு?"

"தெரியல அண்ணி. தானா முழிச்சுக்கிட்டான்."

"இங்க குடு, நான்..."

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகப்பட்டது. அண்ணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு விலகினாள்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டாள். அண்ணி மாதிரியே காலை அகட்டி நின்று ஆடிப் பார்த்தாள். அழுகை ஏறியது. மடியில் போட்டாள், தட்டினாள், சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடையாக நடந்தாள். முக்கால் மணி நேரம். அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

கடைசியில் கால் ஓய்ந்து, அவனை மெத்தையில் கிடத்தி, அவளும் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"நாந்தான்டா எழுப்பினேன்" என்று அவனிடம் கிசுகிசுத்தாள். "நல்லாத் தூங்கிட்டு இருந்தே, நாந்தான் கெடுத்தேன். உங்கம்மா புத்தி அவ்வளவுதான். என்கிட்ட மட்டும் ஏன்டா..."

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. பதறிப்போய்த் திரும்பினாள். துரை பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தான். அவள் சட்டைக் கழுத்து அவன் கைப்பிடிக்குள் இருந்தது. நாற்காலியில் அண்ணி.

"ரெண்டரை மணி நேரம் தூங்கியிருக்கே" என்றாள்.

"நீங்களா தூங்க வெச்சீங்க?"

"நான் தொடவே இல்ல. நீதான் மொதல்ல தூங்கினே. பேச்சு பாதியில நின்னுச்சு. கத்தப்போறான், தூக்கிக்கலாம்னு வந்தேன். கத்தல. உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு கெடந்தான். அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் அவனாக் கண்ண மூடிக்கிட்டான். என் தோள்ல போட்டா நாலு நிமிஷம். இத்தனை நாள்ல ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்திருப்பானா, சொல்லு. சுவத்துல சாயுற மாதிரி சாஞ்சு தூங்கிடறான்."

அந்தக் குரலில் இருந்த கசப்பு என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்புறம், காலைச் சொரண்டினத நான் பாக்கலன்னு நெனச்சுக்காதே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிச் சந்தோஷமாகவும் இருந்தது; அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரம்! அத்தனை நேரம் என்னத்தைப் பார்த்திருப்பான்?

"அழவே இல்லையா அண்ணி?"

"இல்ல. சிரிச்சான். ரெண்டு தடவ."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். துரை இதுவரை யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

"எப்படிச் சிரிச்சான்? வாயத் தொறந்தா? சத்தம் வந்துச்சா? சொல்லுங்க அண்ணி."

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து, கசங்கிய சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உன்னப் பாத்துதான் சிரிச்சான். நீ தூங்கிட்டே, நான் பாத்தேன். அதையாவது என்கிட்ட விட்டு வை" என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனாள்.