ஐந்தாவது குழி

குழிக்குள் குனிந்திருந்த மாயுமி நிமிர்ந்து, வரைபடத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எரிமலை படிக்க ஏழு நாடுகளிலிருந்து வந்திருக்கும் பதினோரு பேரில் அவள் பிலிப்பைன்ஸ்காரி. அவள் ஊரிலும் புகைகிற மலை உண்டாம்.

“டான் எவுசேபியோ, நாலு வருஷக் குழியும் ஒரே கோட்டுல இருக்கே. எதைத் தேடுறீங்க?”

குவாத்தமாலா நகரத்துப் பேராசிரியர் ஒபாண்டோ ஒருநாளும் கேட்காத கேள்வி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் குழி வெட்டுவது என் வேலை. “இங்கதான் சாம்பல் அடுக்கு தெளிவா தெரியும்” என்று நான் காட்டும் இடத்தில் அவர் குச்சி நடுவார். அப்பட்டமான பொய் அது. ஆறு வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த எங்கள் ஊரில், பயிற்சிக்காரர்களைத் தவிர வேறு யாரும் மண்வெட்டி போடக் கூடாது. பதினைந்தே நாளில் தேடுவதை நிறுத்திய அரசாங்கக்காரர்கள் கம்பி வேலி கட்டி, தோண்டினால் ஜெயில் என்றார்கள். வயிறு எரியாதா? ஆன்மாக்கள் தினத்தன்று எல்லோரும் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோவார்கள். என் மனைவி வேலிக் கம்பியில் செருகிவிட்டு வருவாள். அடுத்த வருஷம் பயிற்சியும் வேறு மலைக்குப் போகிறது.

“என் மக ஒடிலியா. ஒம்பது வயசு. மலை வெடிச்ச அன்னிக்குக் காய்ச்சல்னு வீட்டுல படுத்திருந்தா. நான் காப்பித் தோட்டத்துல இருந்தேன்.”

மாயுமி மறுபடி குனிந்து சுரண்டினாள். கொஞ்ச நேரத்தில் கொத்துக்கரண்டி எதிலோ உரசியது. பச்சைச் சிமெண்டுத் தரை. என் வீட்டு அடுப்படி, நானே பூசியது.

மேலே ஒபாண்டோவின் குரல் கேட்டது. “என்னம்மா, பழைய மண்ணு வந்துடுச்சா? வீடு கீடு தட்டுப்பட்டா உடனே மூடிடணும், தெரியும்ல? அனுமதி போயிடும்.”

மாயுமி என்னைப் பார்த்தாள். உள்ளங்கையால் சாம்பலை வழித்துப் பச்சையின் மேல் பரப்பி அழுத்தினாள்.

“ஒண்ணும் வரல சார். நாளைக்கும் இங்கேயே தோண்டணும்.”

“சரி, சாப்பிட வாங்க. டார்ட்டியா ஆறுது.”

நோட்டில் அதையே எழுதினாள். அடுப்படியிலிருந்து ஒடிலியா படுத்திருந்த கட்டில் நாலே அடி. ஆறு வருஷமாக வேண்டியது நாளைக்குக் கிடைத்துவிடும் என்றதும், எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

மாயுமி ஏணியில் ஏறிப்போனாள். கீழே சாம்பலில் அவள் கை ஐந்து விரலோடு பதிந்திருந்தது. சின்னக் கை. அதை மிதித்துவிடாமல் ஓரமாக நின்றேன்.